வயரை வெட்டாமல் ஆம்பியரைப் படிப்பது: சிறு விமானத்தில் ஹால் சென்சார்

பறந்துகொண்டிருக்கும்போது, இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் செத்துப்போனால் என்ன சத்தம் கேட்கும்? ஒரு சத்தமும் கேட்காது. பிஸ்டன் இன்ஜின் பூட்டிய பெரும்பாலான சிறு விமானங்களில் பிளக்குக்குப் பொறி தருவது மேக்னெட்டோ. அதற்கு பேட்டரியும் வேண்டாம், ஆல்டர்னேட்டரும் வேண்டாம். அதனால் இன்ஜின் அதே குரலில் ஓடும், ரேடியோ பேசும், விளக்கு எரியும், திரைகள் ஒளிரும், எல்லாம் பேட்டரியில் மிச்சமிருப்பதைக் குடித்துக்கொண்டே. அது தீரும் நேரத்தில்தான் ஒவ்வொன்றாக அணையும். அந்த நேரம் இரவாகவோ மேகத்தின் நடுவாகவோ இருந்துவிட்டால் பைலட்டின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லக்கூடியவை காக்பிட்டில் சில மட்டுமே: எச்சரிக்கை விளக்கு இருந்தால் அது, வோல்ட்மீட்டர், அப்புறம் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர்.

அந்த அம்மீட்டருக்கு எண் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே விஷயம். இப்போது பல சிறு விமானங்களில், முக்கியமாக சொந்தமாகக் கட்டப்படும் விமானங்களில், அந்த எண்ணைத் தருவது ஒரு வயரைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சின்ன வளையம். அதற்குள் ஒரு ஹால் சென்சார் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள பள்ளிக்கூட இயற்பியலே போதும், ஆனால் அது எப்போது தப்பாகச் சொல்லும் என்று தெரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும், எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் பழைய வழிகளைப் பார்த்துவிடலாம். மின்னோட்டத்தை அளக்க நேரடியான வழி, அதை மீட்டருக்குள்ளேயே ஓடவிடுவது. பழைய விமானங்கள் பலவற்றில் அப்படித்தான்: தடித்த வயர் ஒன்று பேனல் வரைக்கும் வரும், அம்மீட்டருக்குள் நுழையும், மறுபக்கம் வெளியேறி, எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரிந்து போகும் உலோகப் பட்டையான பஸ் பாருக்குப் போகும். மொத்த மின்னோட்டமும் பைலட்டின் முழங்காலுக்கு மேலே, கருவிகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மீட்டரின் ஒரு நட்டு தளர்ந்தால் அங்கேதான் சூடாகும்.

அதைவிட நல்ல வழி ஷண்ட். அது வேறொன்றுமில்லை, மிகமிகக் குறைந்த தடை உள்ள ஒரு உலோகப் பட்டை, அவ்வளவுதான். வயரை வெட்டி நடுவில் இதைப் பூட்டுவார்கள். 60 ஆம்பியர் ஓடும்போது இரு முனைகளுக்கும் இடையில் 50 மில்லிவோல்ட் விழும்படி அதைச் செய்திருப்பார்கள். கணக்குப் போட்டால் தடை ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, சுமார் 0.83 மில்லிஓம். அந்த 50 மில்லிவோல்ட்டை இரண்டு மெல்லிய வயர்களில் பேனலுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் போதும், தடித்த வயர் இன்ஜின் பக்கமே இருந்துவிடும். ஷண்டுக்குத் தனியாக மின்சாரம் வேண்டாம், சுழியத்தில் சுழியம் காட்டும், வருடக்கணக்கில் கெடாது. ஷண்ட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, இன்றைக்கும் அது நல்ல கருவிதான்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. விமானத்தின் மிக முக்கியமான வயரை வெட்டுகிறோம். வெட்டிய இடத்தில், வயர் முனையில் பூட்டும் உலோகத் துண்டான லக் இரண்டு, போல்ட் இரண்டு. இன்ஜின் அதிர்வில் அந்த மூட்டு ஒன்று தளர்ந்தால் அளவு தப்பாவது சின்ன விஷயம், மூட்டு சூடேறி வயரே போய்விடலாம். இன்னொன்று, அந்த மெல்லிய அளவீட்டு வயர்கள் இரண்டும் முழு பஸ் மின்னழுத்தத்தில் இருக்கின்றன. 14 வோல்ட் அமைப்பில் அவற்றில் ஒன்று எங்காவது உரசி உலோக உடம்பைத் தொட்டால், பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்து தரக்கூடிய அத்தனை மின்னோட்டமும் அந்த மெல்லிய வயர் வழியாகப் பாயும். அதனால்தான் ஷண்டை ஒட்டியே ஒவ்வொரு வயருக்கும் ஒரு சிறிய ஃப்யூஸ் போட வேண்டும். போடாமல் விட்ட நிறுவல்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, வயரைத் தொடாமலே உள்ளே எவ்வளவு ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மின்னோட்டம் ஓடும் எந்த வயரைச் சுற்றிலும் ஒரு காந்தப்புலம் இருக்கிறது, மின்னோட்டம் கூடினால் அதே விகிதத்தில் அதுவும் கூடும். ஆக, காந்தப்புலத்தை அளந்தால் மின்னோட்டத்தை அளந்த மாதிரிதான். வீட்டு மின்சாரத்தை அளக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர்களும் இதையேதான் செய்கின்றன, ஆனால் அவற்றில் பல உள்ளே ஒரு மின்மாற்றியை வைத்திருப்பவை. மின்மாற்றிக்குக் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், மாறாத புலம் அதன் சுருளில் ஒன்றையும் தூண்டாது. சிறு விமானத்தில் ஓடுவதோ நேர் மின்னோட்டம். அதைச் சுற்றி நிற்பது அசையாத புலம். அசையாத புலத்தை அளக்க வேறு ஒரு வித்தை வேண்டும், அந்த வித்தைதான் ஹால் விளைவு.

1879-ல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். காந்தத்துக்கு நடுவில் மின்னோட்டம் ஓடும் கம்பியை வைத்தால் கம்பி தள்ளப்படுகிறது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் காந்தம் தள்ளுவது கம்பியையா, கம்பிக்குள் ஓடும் மின்னோட்டத்தையா? விசை கம்பியின் மேல்தான் என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் எழுதியிருந்தார், ஹாலுக்கு அது ஒப்பவில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய தங்கத்தாளை ஒட்டி, அதில் மின்னோட்டத்தை விட்டு, காந்தப்புலத்தில் வைத்து, தாளின் இரண்டு பக்கவாட்டு ஓரங்களுக்கும் இடையே மின்னழுத்தம் தோன்றுகிறதா என்று பார்த்தார். தோன்றியது. எலெக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே தெரியவர இன்னும் 18 வருடம் இருந்தது.

நமக்கு எலெக்ட்ரான் தெரியும் என்பதால் விளக்குவது சுலபம். தட்டையான ஒரு பட்டையில் எலெக்ட்ரான்கள் நீளவாக்கில் போய்க்கொண்டிருக்கின்றன. பட்டையின் முகத்துக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் வந்தால் ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். வளைவில் திரும்பும் ஆற்றில் வெளிக்கரைப் பக்கம் நீர்மட்டம் சற்று ஏறி நிற்பதுபோல, ஒரு ஓரத்தில் எலெக்ட்ரான்கள் அதிகமாகச் சேரும், மறு ஓரத்தில் குறையும். கூடிய ஓரத்துக்கும் குறைந்த ஓரத்துக்கும் இடையில் ஒரு மின்னழுத்தம் எழும், அதுதான் ஹால் மின்னழுத்தம். புலம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும், புலம் திசை மாறினால் அதுவும் குறி மாறும். இந்தக் குறி மாறும் குணம் விமானத்தில் எவ்வளவு உபயோகம் என்று பின்னால் வரும், நினைவில் வையுங்கள்.

உலோகத்தில் இது மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள செம்புத் தாளில் 1 ஆம்பியரை ஓட்டி, 1 டெஸ்லா என்ற பலமான புலத்தில் வைத்தாலும் ஒரு மைக்ரோவோல்ட்கூட வராது. செம்பில் ஓடக்கூடிய எலெக்ட்ரான்கள் ஏராளம், அதனால் ஒவ்வொன்றும் மெதுவாக நகர்ந்தாலே வேண்டிய மின்னோட்டம் வந்துவிடுகிறது, மெதுவாகப் போவதைக் காந்தம் தள்ளுவதும் குறைவு. சிலிக்கான், காலியம் ஆர்சனைடு மாதிரி குறைக்கடத்திகளில் எலெக்ட்ரான்கள் அத்தனை கோடி இல்லை. இருப்பவை வேகமாக ஓட வேண்டியிருக்கிறது, தள்ளலும் பலமாக விழுகிறது, மில்லிவோல்ட் கணக்கில் மின்னழுத்தம் கிடைக்கிறது. அதைப் பெருக்கும் சுற்றையும் அதே சில்லில் சேர்த்துவிட்டால் மூன்று கால் உள்ள ஒரு சின்ன கறுப்புத் துண்டு கையில் இருக்கும்: ஒரு கால் 5 வோல்ட், ஒரு கால் தரை, ஒரு கால் வெளியீடு.

இந்தத் துண்டை அப்படியே வயருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. வயரின் மையத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி, 1 ஆம்பியர் உண்டாக்கும் புலம் 20 மைக்ரோடெஸ்லா. பூமியின் காந்தப்புலமே இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கிறது. தரையில் ஒரே இடத்தில் நிற்கும் இயந்திரமாக இருந்தால் அதைக் கழித்துவிடலாம், விமானமோ திரும்பிக்கொண்டே இருக்கும். வடக்கு நோக்கிப் பறக்கும்போது ஒரு அளவு, தெற்கே திரும்பினால் இரண்டு மூன்று ஆம்பியர் வித்தியாசமாக இன்னொரு அளவு என்று காட்டும் அம்மீட்டரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்?

அதனால்தான் வளையம். இரும்புக் கலவையிலோ ஃபெரைட்டிலோ செய்த ஒரு வளையம், அதில் ஒரு இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு வெட்டு, அந்த வெட்டுக்குள் ஹால் சில்லு. வயர் வளையத்தின் நடுத் துளை வழியே போகிறது. வயரைச் சுற்றியுள்ள காந்தப்புலத்துக்கு வெறும் காற்றில் போவதைவிட இந்த வளையத்துக்குள் போவது நூற்றுக்கணக்கான மடங்கு சுலபம், எனவே அது வளையத்தில் திரண்டு வெட்டுக்குள் குவிகிறது. 60 ஆம்பியருக்கு 1 சென்டிமீட்டர் தூரத்தில் வெறும் 1.2 மில்லிடெஸ்லாவாக இருந்த புலம் இப்போது வெட்டுக்குள் 38 மில்லிடெஸ்லா அளவுக்கு ஏறிவிடும், முப்பது மடங்குக்கும் மேல். வெளியிலிருந்து வரும் பூமியின் புலம் பெரும்பாலும் வளையத்தின் இரு கைகள் வழியாகச் சுற்றிப் போய்விடுவதால் தொந்தரவு அடங்கிவிடுகிறது. வயர் துளையின் நடுவில் போகிறதா ஓரமாகச் சாய்ந்து போகிறதா என்பதும் அவ்வளவாகப் பொருட்டில்லை.

இதை மேசை மேலேயே செய்து பார்க்கலாம், ஒரு தடவை கையால் செய்தால் பத்துத் தடவை படித்ததைவிட மேல். 100 ஆம்பியர் வரை இரு திசையிலும் அளக்கும் ஒரு வளைய சென்சார், ஆம்பியருக்கு 20 மில்லிவோல்ட் தருவது என்று வைத்துக்கொள்வோம். 5 வோல்ட் கொடுத்து, வெளியீட்டில் மல்டிமீட்டரை வையுங்கள். துளையில் ஒன்றும் ஓடவில்லை, ஆனாலும் மீட்டர் 2.50 வோல்ட் காட்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இங்கேதான் திகைப்பார்கள். மின்னோட்டம் இரண்டு திசையிலும் ஓடக்கூடும் என்பதால் நடுப்புள்ளியைச் சுழியமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்போது துளை வழியாக ஒரு வயரை விட்டு, 14 வோல்ட்டில் 100 வாட் இழுக்கும் தரையிறங்கு விளக்கை எரியவிடுங்கள். சுமார் 7 ஆம்பியர். மீட்டர் 2.64-க்கு ஏறும். வயரை வெளியே எடுத்து மறுபக்கமாக நுழைத்தால் 2.36-க்கு இறங்கும். அதே வயரைத் துளை வழியாக இரண்டு தடவை சுற்றி விட்டால் 7 ஆம்பியரே 14 ஆகத் தெரியும், ஏனென்றால் சென்சார் எண்ணுவது துளையைக் கடக்கும் மொத்த மின்னோட்டத்தை, ஒரே வயர்தான் திரும்ப வந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சின்ன மின்னோட்டத்தைத் துல்லியமாகப் பார்க்க இது ஒரு நல்ல உபாயம்.

அப்படியே இன்னொரு சோதனை. விளக்குக்குப் போகும் வயரையும் விளக்கிலிருந்து திரும்பும் வயரையும் சேர்த்துத் துளைக்குள் விடுங்கள். மீட்டர் அசையாது. போனதும் வந்ததும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. அலுமினிய விமானத்தில் திரும்பும் பாதை பெரும்பாலும் விமானத்தின் உடம்பே, அதனால் இந்தத் தவறு அங்கே நடக்க வாய்ப்பு குறைவு. கண்ணாடியிழை, கார்பன் மாதிரி கலவைப் பொருளில் கட்டிய விமானத்தில் இரண்டு வயரும் ஜோடியாகவே ஓடும், அங்கே கவனிக்காமல் ஜோடியையே துளையில் விட்டவர்கள் சென்சார் கெட்டுவிட்டது என்று கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

இனி, எந்த வயரில் மாட்டுவது? அம்மீட்டரில் ஒரு எண்ணைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது இதுதான், ஏனென்றால் 12 என்ற அதே எண் ஒரு வயரில் நல்ல செய்தி, இன்னொரு வயரில் கவலைப்பட வேண்டிய செய்தி.

ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு வயரில் மாட்டினால், ஆல்டர்னேட்டர் மொத்தம் எவ்வளவு தருகிறது என்று தெரியும். இதைச் சுமைமானி என்பார்கள். சுழியத்திலிருந்து மேலே மட்டும் போகும். ஆல்டர்னேட்டர் செத்தால் சுழியம். 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரில் 50 ஓடுகிறது என்றால் கையிருப்பு எவ்வளவு என்பதும் இதில் தெரியும்.

பேட்டரி வயரில் மாட்டினால் கதை வேறு. பேட்டரிக்குள் மின்னோட்டம் போனால் கூட்டல், வெளியே வந்தால் கழித்தல். ஹால் சென்சாரின் குறி மாறும் குணம் இங்கே அழகாகப் பொருந்துகிறது. இன்ஜின் ஸ்டார்ட் ஆனவுடன் கூட்டல் பக்கம் எகிறும், பிறகு இறங்கும். ஸ்டார்ட்டர் 3 விநாடிக்கு 200 ஆம்பியர் இழுத்தது என்று வைத்துக்கொண்டால், பேட்டரியிலிருந்து எடுத்தது 600 ஆம்பியர்-விநாடி. 10 ஆம்பியர் சார்ஜ் ஏறினால் ஒரு நிமிடத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், நடைமுறையில் சில நிமிடம் ஆகும். அரை மணி நேரம் பறந்த பிறகும் 15, 20 என்று சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கிறது என்றால் பேட்டரிக்கு என்ன ஆயிற்று, ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மின்னழுத்தத்தை அதிகமாக ஏற்றிவைத்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும், வோல்ட்மீட்டரைப் பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டர் போய்விட்டால் இந்த மீட்டர் சட்டென்று கழித்தல் பக்கம் சாயும், எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு வேகத்தில் பேட்டரி காலியாகிறது. 24 ஆம்பியர்-மணி பேட்டரியில் 20 ஆம்பியர் இழுத்தால் காகிதத்தில் ஒரு மணிக்குச் சற்று மேல். பேட்டரி பழசாக இருந்து, குளிரும் சேர்ந்துகொண்டால் அதில் பாதியைக்கூட நம்ப முடியாது. தரையிறங்கு விளக்கை அணைத்தால் 7 குறைகிறது, பறக்கும் வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாயின் ஹீட்டரை அணைத்தால் இன்னும் அதே அளவு குறைகிறது என்று பைலட் தன் கண்ணாலேயே பார்த்து, எதை அணைப்பது என்று முடிவெடுக்கலாம். எனக்கு ஒரே ஒரு சென்சார்தான் வைக்க முடியும் என்றால் பேட்டரி வயரில்தான் வைப்பேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, அது பட்டுத் தெரிந்தது. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிள் சென்சார் துளை வழியாகப் போகவே கூடாது. ஸ்டார்ட்டருக்கான பாதை பிரிந்த பிறகு, பஸ் பாருக்குப் போகும் வயரில்தான் மாட்ட வேண்டும். ஒரு தடவை இடம் வசதியாக இருக்கிறது என்று கேபிளிலேயே மாட்டிவிட்டோம். அன்று காலை சுழியம் சுத்தமாக இருந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, விளக்கு, ரேடியோ, எல்லாவற்றையும் அணைத்த பிறகு பார்த்தால் திரையில் 4 ஆம்பியர் நிற்கிறது. எங்கோ கசிகிறது என்று ஒவ்வொரு சர்க்யூட் பிரேக்கராக இழுத்து இழுத்துப் பார்த்தோம், எண் அசையவில்லை. கடைசியில் பேட்டரி முனையையே கழற்றினோம், சென்சாருக்கு மட்டும் தனியாக 5 வோல்ட் கொடுத்தோம், அப்போதும் 4. ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த வளையத்தைக் காந்தமாக்கிவிட்டிருந்தது. ஆணியைக் காந்தத்தில் உரசினால் ஆணியும் கொஞ்சம் காந்தமாகிவிடுமே, அதே கதைதான். நல்ல வளையங்களில் இந்த மிச்சக் காந்தம் குறைவு, இல்லாமல் இருக்காது.

சுழியம் நகர்வதற்கு இது ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு. வெப்பம் முதல் ஆள்: ஹால் சில்லின் உணர்திறனும் சுழியமும் வெப்பத்தோடு நகரும், இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் இடையிலுள்ள தீச்சுவருக்கு முன்பக்கம் மாட்டினால் காலைக் குளிரிலிருந்து இன்ஜின் சூடு வரைக்கும் அது எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். இப்போதைய சில்லுகள் இதைச் சமாளிக்க ஒரு நல்ல தந்திரம் செய்கின்றன. ஹால் தகட்டில் மின்னோட்டத்தை ஒரே திசையில் ஓடவிடாமல், திசையைச் சுழற்றிச் சுழற்றி ஓடவிட்டு, கிடைக்கும் அளவுகளைச் சராசரி செய்கின்றன. தகட்டின் கோணல்களால் வரும் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், உண்மையான ஹால் மின்னழுத்தம் மட்டும் மிஞ்சும். தீச்சுவருக்குப் பின்பக்கம், காக்பிட் பக்கமாக மாட்ட வழியிருந்தால் அங்கேயே மாட்டுங்கள் என்பேன்.

அடுத்தது, அந்த 5 வோல்ட். பல சென்சார்களில் வெளியீடு, கொடுக்கும் மின்னழுத்தத்தோடு விகிதத்தில் கட்டப்பட்டிருக்கும். 5.0 வோல்ட்டில் நடுப்புள்ளி 2.50 என்றால் 4.9-ல் அது 2.45. அந்த 50 மில்லிவோல்ட் நம் கணக்கில் 2.5 ஆம்பியர். இல்லாத மின்னோட்டம்! காக்பிட் திரைக் கருவி தானே சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்து, அதே 5 வோல்ட்டை வைத்தே வெளியீட்டையும் அளந்தால் இந்தப் பிழை தானாகவே கழிந்துவிடும். சென்சாருக்கு ஒரு இடத்திலிருந்தும் திரைக்கு இன்னொரு இடத்திலிருந்தும் மின்சாரம் எடுத்தால் கழியாது.

இரண்டு மூன்று ஆம்பியரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்கலாம். சுமைமானியில் சுழியம் 3 ஆம்பியர் மேலே நகர்ந்திருக்கிறது, ஆல்டர்னேட்டர் செத்துவிட்டது. மீட்டர் என்ன காட்டும்? 3. பைலட் பார்த்துவிட்டு, சுமை குறைவாக இருக்கிறது, ஏதோ கொஞ்சம் வந்துகொண்டுதான் இருக்கிறது என்று நினைத்துவிடக்கூடும். எல்லாம் எல்.இ.டி. விளக்காகிவிட்ட புதிய விமானங்களில் மொத்தச் சுமையே குறைவு என்பதால் இந்தக் குழப்பம் இன்னும் எளிது. அதனால்தான் அம்மீட்டரை எப்போதும் வோல்ட்மீட்டரோடு சேர்த்தே படிக்க வேண்டும்: ஆல்டர்னேட்டர் உயிரோடிருந்தால் 14 வோல்ட் பக்கம், செத்தால் 12 சொச்சத்துக்கு இறங்கும், 28 வோல்ட் அமைப்பாக இருந்தால் இதில் இரட்டிப்பு.

சென்சாரே செத்தால் எப்படித் தெரியும்? ஷண்டில் வயர் அறுந்தால் மீட்டர் சுழியத்தில் நிற்கும், சுழியம் என்பது உண்மையான அளவாகவும் இருக்கலாம் என்பதால் அது ஏமாற்றும். ஹால் சென்சாரில் 5 வோல்ட் போய்விட்டால் வெளியீடு சுழியம் வோல்ட்டுக்கு விழும், திரை அதை 2.5 வோல்ட்டிலிருந்து கீழே எண்ணி, கழித்தல் 125 ஆம்பியர் என்று காட்டும். நடக்கவே முடியாத எண், பார்த்தவுடனே சென்சார்தான் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய நிம்மதி, சென்சார் எரிந்தாலும் உடைந்தாலும் துளைக்குள் போகும் வயருக்கு ஒன்றும் ஆகாது. வயர் முழுசாக, வெட்டுப்படாமல், மூட்டு இல்லாமல் இருக்கிறது. விமானத்துக்கு இது எவ்வளவு பெரிய குணம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்.

மின்னோட்டம் சில்லுக்குள்ளேயே புகுந்து வெளிவரும் வகைகளும் கிடைக்கின்றன. உள்ளே 100 மைக்ரோஓம் அளவுக்குத் தடித்த செம்புப் பாதை, அதன் பக்கத்திலேயே ஹால் தகடு. சிறியது, மலிவு, 60 ஆம்பியர் ஓடினாலும் அரை வாட்டுக்கும் குறைவாகவே சூடாகும். ஆனால் மறுபடியும் வயரை வெட்டிச் சேர்க்க வேண்டும், ஷண்டில் எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே திரும்ப வருகிறது. பிட்டோ ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது போன்ற தனிச் சுற்றுகளுக்கு அதைத் தாராளமாக வைக்கலாம், பிரதான வயருக்கு நான் வளையத்தைத்தான் கேட்பேன். இன்னும் துல்லியம் வேண்டுபவர்களுக்கு மூடிய வளைய வகை ஒன்றும் உண்டு: வளையத்தின் மேல் ஆயிரம் சுற்று சுற்றி, அதில் எதிர்த் திசையில் மின்னோட்டம் விட்டு, வெட்டுக்குள் புலமே இல்லாமல் செய்துவிடுவார்கள், 60 ஆம்பியரை அடக்க 60 மில்லிஆம்பியர் தேவைப்பட்டால் அதை அளந்தால் போதும். சிறு விமானத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

மாட்டும்போது திசைகாட்டியை மறந்துவிடாதீர்கள். 10 ஆம்பியர் ஓடும் ஒற்றை வயர் 10 சென்டிமீட்டர் தள்ளி உண்டாக்குவது 20 மைக்ரோடெஸ்லா, பூமியின் புலத்தோடு போட்டிபோடும் அளவு, முள் கண்ணுக்குத் தெரியவே திரும்பிவிடும். சென்சாரைத் தேடி பிரதான வயரைப் பேனல் பக்கம் இழுத்து வராமல், வயர் இருக்கும் இடத்துக்கு சென்சாரை அனுப்புங்கள். வளையத்தின் மேல் போட்டிருக்கும் அம்புக்குறி, கூட்டல் முனையிலிருந்து மின்னோட்டம் ஓடும் வழக்கமான திசையைக் குறிக்கிறது. தலைகீழாக மாட்டினால் ஒன்றும் கெடாது, சார்ஜ் ஏறும்போது இறங்குவதாகக் காட்டும், திருப்பி மாட்டினால் சரியாகிவிடும். வெளியீட்டு வயரைக் கவசம் போட்ட வயராக, கவசத்தை ஒரு முனையில் மட்டும் தரையில் இணைத்து ஓட்டுங்கள். ஆல்டர்னேட்டரின் வெளியீடு மேடுபள்ளமில்லாத நேர்கோடு கிடையாது, வினாடிக்கு ஆயிரக்கணக்கான சிற்றலைகள் அதில் இருக்கும், விட்டு விட்டுப் பளிச்சிடும் ஸ்ட்ரோப் விளக்குகள் ஒவ்வொரு தடவை மின்னும்போதும் ஒரு குதி குதிக்கும். திரையில் எண் நிலையில்லாமல் ஆடினால் சராசரி எடுக்கும் நேரத்தைக் கூட்டுங்கள், ஒரு வினாடி போதும். இதெல்லாம் சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு. சான்றிதழ் பெற்ற விமானத்தில் கருவியை மாற்றுவது, உரிமம் உள்ள பொறியாளரின் கையெழுத்தோடு, ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படிதான் நடக்க வேண்டும்.

அளவு சரிபார்க்க, நல்ல நேர் மின்னோட்ட கிளாம்ப் மீட்டர் ஒன்றைக் கடன் வாங்குங்கள், உள்ளே ஹால் சில்லு உள்ளதாக இருக்க வேண்டும். இன்ஜினை அணைத்த நிலையில், அதே வயரைக் கிளாம்புக்குள் பிடித்து, விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். நான்கைந்து புள்ளி போதும், ஒரு கோட்டில் வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு பறப்பிலும் பத்து விநாடி வேலை: மொத்த மின்சாரத்தையும் இணைக்கும் மாஸ்டர் சுவிட்சைப் போட்டு, வேறெதையும் போடாமல், பேட்டரி வயர் சென்சாரின் எண்ணைப் பாருங்கள். ரிலேயும் திரையும் இழுக்கும் ஒன்றிரண்டு ஆம்பியர் கழித்தல் பக்கம் தெரிய வேண்டும், உங்கள் விமானத்தில் அது எவ்வளவு என்று சில நாளிலேயே மனப்பாடமாகிவிடும். தரையிறங்கு விளக்கைப் போடுங்கள், எண் 7 இறங்க வேண்டும். அணையுங்கள், முன்பிருந்த அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் ஸ்டார்ட் செய்யுங்கள்.